பரல் ஸ்மோக்கரில ஆட்டுத் தொடை: வீட்டுத் தூள் காணுமோ, தனி றப் வேணுமோ?

கோண்டாவிலான் (புதன், இரவு 8:40)

வணக்கம் உறவுகளே. நல்லூர்க் கொடியேறினதால வீட்டில இப்ப இறைச்சி எண்ட சொல்லே எடுக்கேலாது. ஆனால் திருவிழா எல்லாம் முடிஞ்சு வாற சனிக்கிழமை, கனடாவில இருந்து வந்து நிக்கிற சித்தப்பா குடும்பத்துக்கு பின்வளவில பாபிகியூ வைக்கிறதெண்டு முடிவு. வெல்டிங் பட்டறை வைச்சிருக்கிற மச்சான் ஒரு இரும்புப் பரலைக் குறுக்கால வெட்டி, பிணைச்சல் பூட்டி, ஒரு பக்கத்தில தணல் பெட்டியும் மற்றப் பக்கத்தில புகைபோக்கியும் வைச்சு ஸ்மோக்கர் ஒண்டு செய்து தந்திருக்கிறான். பார்க்க வடிவாத்தான் இருக்கு.

இறைச்சி: 2 கிலோ மட்டில ஆட்டுத் தொடை ரெண்டு, முழுக் கோழி மூண்டு. மாட்டிறைச்சி எங்கட படலைக்குள்ள வராது, அதால பிறிஸ்கட் (மாட்டு நெஞ்சிறைச்சி) கதை வேண்டாம்.

யூரியூப்பில பார்த்தால் ஆளாளுக்கு ஒரு ட்றை றப், அதுதான் சுட முதல் இறைச்சியில பூசுற உலர் சரக்குக் கலவை, சொல்லுறாங்கள். பப்ரிகா (உறைப்புக் குறைஞ்ச சிவப்பு மிளகாய்த்தூள்), பிறவுண் சுகர், காலிக் பவுடர், ஒனியன் பவுடர் எண்டு பெரிய பட்டியல். அம்மா சொல்லுறா, "மில்லில அரைப்பிச்ச தூள் போத்தல் நிறைய இருக்கு, அதைப் பூசிச் சுடுங்கோவன்" எண்டு. செத்தல், மல்லி, மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து அரைச்ச தூள். நாலஞ்சு மணித்தியாலம் புகையில கிடக்கிற இறைச்சிக்கு அது சரிவருமோ?

ஸ்காபரோச் சிங்கன் (புதன், இரவு 9:05)

தம்பி, ஒண்டுக்கும் யோசியாதையும். பிறவுண் சுகர் ரெண்டு பங்கு, பப்ரிகா ரெண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு, மிளகு, உள்ளித்தூள், வெங்காயத்தூள் அரைப் பங்கு. கண்ணை மூடிக்கொண்டு பூசும். சித்தப்பாவிட்ட சொன்னால் இங்கயிருந்தே ஒரு போத்தல் றெடிமேட் றப் கொண்டு வந்திடுவார்.

கோண்டாவிலான் (புதன், இரவு 9:11)

அண்ணை, சித்தப்பா வந்து ரெண்டு கிழமையாகுது. பெட்டி முழுக்க சொக்கிளேற்தான்.

ஹூஸ்டன் வாசி (புதன், இரவு 10:32)

நான் ரெக்ஸசில இருக்கிறன், அதால என்ர பக்கச் சார்பை முதலே சொல்லிப்போடுறன். இங்க மத்திய ரெக்ஸஸ் பக்கம், லொக்ஹார்ட் மாதிரி ஊருகளில, றப் எண்டால் உப்பும் கொரகொரப்பான மிளகும்தான். 19ஆம் நூற்றாண்டில ஜேர்மனியில இருந்தும் செக் பக்கத்தில இருந்தும் வந்து குடியேறின ஆக்கள் நடத்தின இறைச்சிக்கடைகளில இருந்து வந்த வழக்கம் அது. விற்காமல் மிஞ்சின இறைச்சியைப் புகை போட்டு வித்தவை. ஓக் விறகு, உப்பு, மிளகு, பொறுமை. அவ்வளவுதான்.

ஸ்காபரோ அண்ணை சொன்ன இனிப்பு றப் கன்ஸஸ் சிற்றிப் பக்கத்து ஆக்களின்ர கை. அது பன்றி விலாவுக்கு வந்த கலவை. கொழுப்புள்ள பன்றிக்கு இனிப்பு எடுபடும். ஊர் ஆட்டில கொழுப்பே குறைவு, அதுக்கு ஒரு பிடி சீனி போட்டால் இறைச்சி மிட்டாய் மாதிரி வந்திடும்.

மற்றது, பங்குக் கணக்கை நம்பாதையுங்கோ, முக்கியமா உப்பில. அமெரிக்கச் செய்முறைகளில வாற உப்பு அநேகமாக் கோஷர் உப்பு எண்ட பெரிய பருக்கை உப்பு. அதில ஒரு வகை, தேக்கரண்டிக்கு 3 கிராம்கூட நிறுக்காது. எங்கட பக்கற் தூளுப்பு அதே கரண்டியில 6 கிராம் வரும். கரண்டியைப் பார்த்துப் போட்டால் உப்பு ரெண்டு மடங்காகிப்போம். தராசில நிறுத்துப் போடுங்கோ: எலும்போட சேர்த்து ஒரு கிலோவுக்கு 12 கிராம்.

பழைய சோறு (புதன், இரவு 10:40)

ரெண்டு தொடைக்கு இவ்வளவு கதையோ? பிரட்டல் கறி வைச்சு, பாணோட குடுத்துப்போட்டு, ஆறுதலாப் படுங்கோ.

நல்லூர் மாமி (வியாழன், காலை 6:15)

பழைய சோறு தம்பி, உமக்கு ஆரும் புகை போடேல்லைப் போல கிடக்கு.

கோண்டாவில்ப் பிள்ளை, அம்மாவின்ர தூளைப் பற்றிச் சொல்லுறன். அது கறிக்கு எண்டே பிறந்த தூள். அதை எப்பிடிப் பாவிக்கிறம் எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாரும். வெங்காயம் வதங்கின எண்ணெயில இறைச்சியோட பிரட்டுவம், இல்லையெண்டால் தேங்காய்ப்பாலில கரைச்சு விட்டுக் கொதிக்க வைப்பம். எண்ணெயும் தண்ணியும் சேர்ந்துதான் அந்தத் தூளை விரிய வைக்கும். ஸ்மோக்கருக்குள்ள ரெண்டுமில்லை. மாப்போல அரைச்ச தூள், இறைச்சியில இருந்து கசியிற ஈரத்தில ஊறிக் களியா நிக்கும், பிறகு காய்ஞ்சு தோல் மாதிரி வெடிக்கும். சாப்பிடேக்க வாயில மாத் தட்டுப்படும்.

ரெண்டாவது, அது ஏற்கெனவே வறுத்த தூள். மல்லியை ஒரு பதத்தில இறக்குவம், செத்தலை வேற பதத்தில இறக்குவம், வெந்தயம் சிவக்க முதல் எடுத்திடுவம். அந்தப் பதம்தான் வீட்டுக்கு வீடு மாறுற கைராசி. அந்தப் பதத்துக்கு மேல இன்னும் அஞ்சு மணித்தியாலம் சூட்டில வைச்சால் என்ன மிஞ்சும்? மணமெல்லாம் புகைபோக்கியால போயிடும். வெந்தயக் கைப்பு மட்டும் நிண்டு பிடிக்கும்.

ஆனால் சரக்கு வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. வறுக்காத சரக்கை எடும். மல்லியும் மிளகும் பெருஞ்சீரகமும் உரலில ரெண்டு இடி, ஒவ்வொரு மல்லியும் மூண்டு நாலாய் உடைஞ்சால் காணும். அது புகையிலயே மெல்ல மெல்ல வறுபடும். அம்மாவின்ர தூளைக் கடைசிக்கு வைச்சிரும்.

ஹூஸ்டன் வாசி (வியாழன், காலை 7:50)

மாமி, அந்த "ரெண்டு இடி" கணக்குத்தான் இங்கயும். பிறிஸ்கட்டுக்கு மிளகை 16 மெஷ் எண்டு கேட்டு வாங்குவினம். ஒவ்வொரு துணுக்கையும் ஒரு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல. தூளா அரைச்ச மிளகைப் போட மாட்டினம். பெரிய துணுக்கையெண்டால் இடையில இடைவெளி இருக்கும், அதுக்குள்ளால புகை இறைச்சியில படும், ஈரமும் வெளியேறும். மேற்பரப்புக் காய்ஞ்சு கறுத்து முறுகி வாற பொருக்கைத்தான் இவங்கள் "பார்க்" எண்டு கொண்டாடுறாங்கள்.

இலங்கை மிளகு பைப்பரின் கூடின மிளகு, நல்ல உறைப்பு. இங்கத்த அளவை அப்பிடியே போட்டால் பிள்ளையள் அழுவினம். கொஞ்சம் குறைக்கலாம்.

ஸ்காபரோச் சிங்கன் (வியாழன், காலை 8:20)

சரி, எனக்கு அடி விழுந்திட்டுது. ஆனால் ஒரு கேள்வி. மிளகு, மல்லி எல்லாம் இறைச்சிக்குள்ள இறங்காதோ? நான் முதல் நாளே பூசி பிறிட்ஜில வைக்கிறனான்.

ஹூஸ்டன் வாசி (வியாழன், காலை 8:48)

உப்பு இறங்கும். மற்றதெல்லாம் பெரும்பாலும் மேலதான் நிக்கும், கூடிப்போனால் சில மில்லிமீற்றர். அதால முதல் நாள் பூச வேண்டியது உப்பு மட்டும்தான். உப்பு முதலில ஈரத்தை வெளியில இழுக்கும், அந்த ஈரத்தில தானே கரையும், பிறகு உள்ள போகும். பிறிட்ஜில மூடாமல் வைச்சால் காலமை மேற்பரப்புக் காய்ஞ்சு, தொட்டால் விரலில லேசா ஒட்டுற பதத்தில இருக்கும். அதுக்கு மேல இடிச்ச சரக்கைத் தூவினால் தானாப் பிடிச்சு நிக்கும். அமெரிக்கால கடுகுப் பசை பூசி அதுக்கு மேல றப் போடுவினம், ஒட்டுறதுக்கு. கட்டாயமில்லை.

யாழ்ப்பாணத்து வெக்கைக்கு ஒரு விசயம் சொல்லோணும்: உப்புப் போட்டிட்டு இறைச்சியைக் குசினி மேசையில விட்டுப்போட்டுப் போகாதையுங்கோ. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையிலதான் கிருமி பெருகும். பிறிட்ஜில இடமில்லாட்டி ஐஸ்பெட்டி பிடியுங்கோ.

தீவான் (வியாழன், பகல் 12:30)

நான் கொஞ்சம் வேற பக்கத்தால வாறன். மாசிக் கருவாடு எண்டு நாங்கள் சம்பலில இடிச்சுப் போடுற சாமான், சூரை மீனை அவிச்சு, புகை போட்டு, வெயிலில காயவிட்டது. புகை வாசமெண்டால் எங்கட நாக்குக்கு ஏற்கெனவே தெரிஞ்ச வாசம். அந்த மாசியைக் கிறைண்டரில தூளாக்கி, றப்பில ஒரு தேக்கரண்டி சேர்த்தால் என்ன? கடையில விற்கிற றப்புகளில அஜினமோட்டோ போடுற இடத்துக்கு இது நிக்கும் எண்டு நான் நினைக்கிறன்.

ஸ்காபரோச் சிங்கன் (வியாழன், பகல் 12:44)

கோழிக்கு மீன் வாசமோ?

தீவான் (வியாழன், பகல் 12:51)

நீங்கள் கட்டாச் சம்பலோட கோழிக்கறி சாப்பிட்டதே இல்லையோ அண்ணை? ஒரு கரண்டிதானே, மீன் எண்டு ஒருத்தரும் கண்டுபிடிக்கமாட்டினம். விருந்தாளியளில ஆருக்கும் மீன் ஒவ்வாமை இருந்தால் மட்டும் முதலே கேளுங்கோ.

முகவைக்காரன் (வியாழன், மாலை 4:10)

ராமநாதபுரத்துல இருந்து எழுதுறேன். ரப் பத்தி நெறைய பேசுறீங்க, விறகு என்ன போடப் போறீங்க? எங்க ஊருல சீமைக் கருவேலம்தான் எங்க பாத்தாலும். கரிமூட்டம் போட்டு விக்கிறதே அதுலதான். டெக்ஸஸ்காரங்க மெஸ்கீட்னு சொல்ற மரமும் இதுவும் சொந்தக்காரங்கன்னு படிச்சிருக்கேன். ஹூஸ்டன் அண்ணன்தான் சொல்லணும்.

ஹூஸ்டன் வாசி (வியாழன், மாலை 5:35)

ஓம், ஒரே குடும்பம்தான். இலங்கையிலயும் அம்பாந்தோட்டைப் பக்கம், பூந்தல தேசியப் பூங்காவுக்குள்ள அது பரவிப் பெரிய தலையிடியா நிக்குது. மெஸ்கீற் புகை சரியான கடுமை. அரை மணித்தியாலத்தில சுட்டெடுக்கிற இறைச்சிக்கு அருமையா இருக்கும். அஞ்சு மணித்தியாலம் போட்டால் கைக்கும். எரிச்சுத் தணலாக்கிப் போட்டுப் பாவிச்சால் பிரச்சினை இல்லை.

இதை முகவைத் தம்பி கிளப்பினது நல்லதாப் போச்சு. றப் கைக்குது எண்டு முறைப்பாடு சொல்லுற ஆக்களில கனபேருக்குக் கைப்பு வந்தது புகையில இருந்து. பச்சை விறகு, காத்து இல்லாமல் புழுங்கி எரியிற நெருப்பு, சுண்ணாம்பு மாதிரித் தடிச்ச வெள்ளைப் புகை. அந்தப் புகையில எந்த றப்பைப் போட்டாலும் கைக்கும். புகை மெல்லிசா, நீலம் பாரிச்ச மாதிரி, இருக்கோ இல்லையோ எண்டு தெரியாமல் போகோணும். அது வந்த பிறகுதான் இறைச்சியை உள்ள வையுங்கோ.

நல்லூர் மாமி (வியாழன், மாலை 6:20)

இங்க ஊரில எண்டால் சிரட்டைக்கரித் தணல், அதுக்கு மேல காய்ஞ்ச கொய்யாக் கட்டை ரெண்டு. புளியங்கட்டையும் நல்ல வைரம், நிண்டு எரியும். வேப்பம் விறகு வேண்டாம், நுளம்புக்குப் போடுற புகையை இறைச்சிக்குப் போட்ட மாதிரி இருக்கும். வேலியில வெட்டின அலரிக் கட்டையை மறந்தும் போட்டிடாதையுங்கோ, நஞ்சு. பெயின்ற் அடிச்ச பழைய பலகையும் அப்பிடித்தான்.

மற்றது மச்சான் செய்த பரலில முதல் என்ன இருந்ததெண்டு கேட்டனீங்களோ?

கோண்டாவிலான் (வியாழன், இரவு 7:55)

கேட்டிட்டன் மாமி. தேங்காயெண்ணெய் வந்த பரலாம். வெளிப் பெயின்ற் எல்லாம் கருகிக் கொட்டுற வரைக்கும் ஒரு நாள் முழுக்க உள்ளுக்கு நெருப்பெரிச்சு, உரஞ்சிக் கழுவி, திரும்ப எண்ணெய் பூசி எரிச்சிருக்கிறான். கம்பித்தட்டும் நாகம் பூசாத கம்பி.

சரி, இப்ப எனக்கு விளங்கினது: முதல் நாள் உப்பு, அடுத்த நாள் வறுக்காத சரக்கு. ஆனால் திருவிழா முடியாமல் ஒரு துண்டு இறைச்சியைக்கூட வைச்சுப் பார்க்கேலாதே. விருந்து நாளிலதான் முதல் பரீட்சையோ?

நல்லூர் மாமி (வெள்ளி, காலை 5:50)

இறைச்சி ஏன் பிள்ளை? சரக்கைத் தனிய வைச்சுப் பாரும். அவண் இருக்கோ? 120 பாகையில விட்டு, ஒரு தட்டில அம்மாவின்ர தூள், ஒரு தட்டில வறுக்காமல் இடிச்ச மல்லியும் மிளகும், ஒரு தட்டில விதை எடுத்த செத்தல், ஒரு தட்டில பனங்கட்டிச் சீவல். ஒவ்வொரு மணித்தியாலமும் திறந்து மணந்து பாரும், ஒரு நுள்ளு நாக்கில வையும். நாலு மணித்தியாலத்தில உமக்கு எல்லாம் விளங்கிப்போம். வெள்ளிக்கிழமையில செய்தாலும் குத்தமில்லை, எல்லாம் மரக்கறிதான்.

ஸ்காபரோச் சிங்கன் (வெள்ளி, காலை 6:30)

மாமி, நீங்கள் இவ்வளவு காலமும் எங்க இருந்தனீங்கள்?

கோண்டாவிலான் (ஞாயிறு, இரவு 9:20)

நேற்றுச் செய்து பார்த்தன். குசினி முழுக்க மணம், பக்கத்து வீட்டு அன்ரி மதிலால எட்டிப் பார்த்து "என்ன தூள் வறுக்கிறியளோ" எண்டு கேட்டவ.

அம்மாவின்ர தூள்: முதல் அரை மணித்தியாலம் ஊரையே தூக்கிற வாசம். ரெண்டாம் மணித்தியாலத்தில நிறம் கோப்பித்தூள் மாதிரிப் போச்சுது. நாலாவதில மணமே இல்லை, நாக்கில வைச்சால் முதலில ஒண்டுமில்லை, பிறகு அடிநாக்கில ஒரு கைப்பு. அம்மாவே வாயில வைச்சுப் பார்த்திட்டுப் பேசாமல் போயிட்டா.

இடிச்ச மல்லி, மிளகு: இதுதான் ஆச்சரியம். முதலாம் மணித்தியாலத்தில பச்சை வாசம். ரெண்டாவதிலதான் மல்லி வறுபட்ட வாசம் வரத் தொடங்கிச்சு. நாலாவதிலயும் நல்லா இருந்தது, கடிச்சால் நொறுங்குது.

செத்தல்: நிறம் கறுத்துப் போச்சுது. ஆனால் உறைப்புக் குறையவே இல்லை, சொல்லப்போனால் கூடின மாதிரிக் கிடந்தது.

பனங்கட்டி: உருகி, கொதிச்சு, தட்டில தார் மாதிரி ஒட்டிக்கொண்டு நிக்குது. தட்டு இன்னும் தண்ணிக்குள்ள ஊறுது.

ஹூஸ்டன் வாசி (ஞாயிறு, இரவு 10:15)

அருமை தம்பி. செத்தல் விசயம் சரிதான், உறைப்பைத் தாற கப்சைசின் இந்தச் சூட்டுக்கு அசையாது, நிறமும் வாசமும்தான் போகும். மற்றது விதையை எடுத்தால் உறைப்புப் போகும் எண்டு நினைக்கிறம், உண்மையில உறைப்பு இருக்கிறது விதையைப் பிடிச்சு நிக்கிற வெள்ளைச் சவ்வில. அதையும் சேர்த்துச் சுரண்டி எடுத்திட்டுத் தோலை மட்டும் இடிச்சால், அதுதான் ஏழையின்ர பப்ரிகா. சிவப்புக் கிடைக்கும், குழந்தையளும் சாப்பிடலாம்.

பனங்கட்டிக்குக் காரணம் இருக்கு. வெள்ளைச் சீனி 160 பாகைக்கு மேலதான் கருகத் தொடங்கும், அதால ஸ்மோக்கரின்ர 110, 120 பாகையில அது தாக்குப் பிடிக்கும். பனங்கட்டியில குளுக்கோசும் பிறக்ரோசும் கலந்திருக்கு, பிறக்ரோஸ் 110 பாகையிலயே நிறம் மாறத் தொடங்கிடும். அதோட அது காத்தில இருக்கிற ஈரத்தையும் இழுக்கும், றப்பில கலந்து போத்தலில வைச்சால் அடுத்த நாள் கட்டியாத்தான் எடுப்பியள்.

தீவான் (ஞாயிறு, இரவு 10:40)

அதுக்காகப் பனங்கட்டியைக் கைவிடாதையுங்கோ. குட்டானில இருந்து ஒரு துண்டை எடுத்து, கொஞ்சப் பழப்புளிக் கரைசலில உருக்கி, மிளகுத்தூள் போட்டு, கடைசி அரை மணித்தியாலம் தொடைக்கு மேல தடவுங்கோ. தும்புக் கட்டைத் தூரிகை மாதிரிக் கட்டி வைச்சால் தடவச் சுகம். பளபளவெண்டு வரும்.

ஸ்காபரோச் சிங்கன் (ஞாயிறு, இரவு 11:02)

பாருங்கோ, கடைசியில இனிப்புக்குத்தான் வந்து நிக்கிறியள். நான் முதல் நாளே சொன்னனான்.

ஹூஸ்டன் வாசி (ஞாயிறு, இரவு 11:20)

அண்ணை, நீங்கள் சொன்னது எப்ப போடுறதெண்டு தெரியாத இனிப்பு. தீவான் சொல்லுறது நேரம் பார்த்துப் போடுற இனிப்பு. எனக்கு இந்த இழையில பிடிச்ச விசயமே அதுதான். எல்லாரும் என்ன போடுறது எண்டு கேக்கினம், எப்ப போடுறது எண்டு மாமிதான் கேட்டவ.

மெம்பிஸில 1948இல இருந்து நடக்கிற ரெந்தவூ எண்ட கடையில விலா எலும்பைத் தணலில நேரே சுட்டு, வினிகர்த் தண்ணி தடவி, இறக்கின பிறகுதான் றப்பைத் தூவுவினம். கடையைத் தொடங்கினவர் சார்லி வேர்கோஸ், கிரேக்க வம்சாவளி. உலகமெல்லாம் "மெம்பிஸ் ட்றை றப்" எண்டு பேர் எடுத்த சாமான், கருகிற நெருப்பைக் காணாமல் சாப்பாட்டுத் தட்டுக்குப் போகுது. அம்மாவின்ர தூளுக்கும் அதே வழிதான். தொடையை இறக்கி, இலையைப் பிரிச்சு, சூடு பறக்கேக்க கொழுப்புப் பளபளக்கிற மேற்பரப்பில ஒரு நுள்ளுத் தூவுங்கோ. மாமி சொன்ன எண்ணெயும் ஈரமும் அங்க இருக்கு, அதில தூள் விரியும்.

கோண்டாவிலான் (ஞாயிறு, இரவு 11:31)

என்ன இலை அண்ணை?

ஹூஸ்டன் வாசி (ஞாயிறு, இரவு 11:50)

அதை எழுத மறந்தன். பரலுக்குள்ள 120 பாகை. இறைச்சிக்குள்ள சூடு 70 பாகைக்குக் கிட்ட வரேக்க அப்பிடியே நிண்டிடும், ஒரு மணித்தியாலமும் நிக்கலாம், கூடவும் நிக்கலாம். இறைச்சி வேர்த்துத் தன்னைத் தானே குளிராக்குது. நெருப்புக் காணாதெண்டு விறகை அள்ளிப் போடாதையுங்கோ. அந்த நேரம் பொருக்கு நல்லாப் பிடிச்சிருந்தால், தணலில வாட்டின வாழையிலையில சுத்தி, வெளியில அலுமினியத் தாள் சுத்தித் திரும்ப வையுங்கோ. ஊர் ஆடு மெலிவு, சுத்தாட்டில் காய்ஞ்சு தும்பாப் போம். உள்ள 92, 93 பாகை வந்து, குச்சி குத்தினால் தடையில்லாமல் இறங்கினால் எடுக்கலாம். கத்தி முனை மாதிரி ஒரு தேமோமீற்றர் மட்டும் எப்பிடியாவது வாங்குங்கோ.

ஒரு தொடைக்கு, 2 கிலோ எண்டு வைச்சு: உப்பு 24 கிராம், முதல் நாள் இரவு. இடிச்ச மிளகு 12 கிராம், மல்லி 15, பெருஞ்சீரகம் 5, சவ்வெடுத்த செத்தல் 8, காலமை. மஞ்சளும் வெந்தயமும் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

நல்லூர் மாமி (திங்கள், காலை 6:05)

கறுவா ஒரு சின்னத் துண்டு, கராம்பு ரெண்டு சேர்த்து இடியும் பிள்ளை. ஆட்டு வாசத்துக்கு அது வேணும். ரெண்டுக்கு மேல கராம்பு போட்டால் பல்லுவலி மருந்து மணக்கும்.

உள்ளித்தூள், வெங்காயத்தூள் தேடி கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டாம். பச்சை உள்ளியை அரைச்சுப் பூசவும் வேண்டாம், ஈரம் கூடிப் பொருக்குப் பிடியாது. சுன்னாகத்துச் சின்ன வெங்காயத்தை மெல்லிசா அரிஞ்சு சுளகில போட்டு, இப்ப எறிக்கிற வெயிலில நல்லா முறுக விட்டால் கையால நொறுக்கலாம். சந்தை வெங்காயத்தூளை விட அது மணம். கறிவேப்பிலையும் அப்பிடித்தான், நிழலில காயவிட்டு, அம்மாவின்ர தூளோட கடைசிக்குத் தூவும்.

ஸ்காபரோச் சிங்கன் (திங்கள், காலை 7:10)

கோழியை எல்லாரும் மறந்திட்டியள்.

ஹூஸ்டன் வாசி (திங்கள், காலை 8:00)

கோழிக்கு 120 பாகை காணாது அண்ணை, தோல் றப்பர் மாதிரி வரும். 140, 150 பாகைக்கு ஏத்தோணும், தணல் பெட்டிக்குக் கிட்ட வையுங்கோ. முதுகெலும்பை வெட்டி எடுத்து விரிச்சு வைச்சால் சமனா வேகும். நெஞ்சு 74 பாகை, தொடைக்குக் கொஞ்சம் கூட. ஒண்டரை, ரெண்டு மணித்தியாலத்தில முடிஞ்சிடும். நேரம் குறைவு எண்டபடியால் றப் கொஞ்சம் நைசா இருக்கலாம், வீட்டுத் தூளையும் நல்லெண்ணெயில குழைச்சுக் கால்வாசி சேர்க்கலாம். தீவானின்ர மாசித்தூளுக்கும் இதுதான் இடம்.

உங்கட இனிப்பு றப்பை ஒரு கோழிக்குப் போடச் சொல்லுங்கோ, சித்தப்பாவின்ர பிள்ளையளுக்கு அது பழகின ருசி. நேரே தணலுக்கு மேல வைக்காமல் பார்த்தால் சரி.

ஸ்காபரோச் சிங்கன் (திங்கள், காலை 8:04)

ஒரு கோழியாவது எனக்குத் தந்தியளே, நன்றி.

பழைய சோறு (திங்கள், பகல் 1:15)

எந்தச் சனிக்கிழமை எண்டு சொன்னியள்? கோண்டாவிலில எந்த ஒழுங்கை?

கோண்டாவிலான் (திங்கள், இரவு 8:30)

பழைய சோறு அண்ணை, உங்களுக்குப் பிரட்டல் கறியும் பாணும் தனிய எடுத்து வைக்கிறம்.

எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு சிக்கல்தான் மிச்சம். இண்டைக்கு இறைச்சிக்கடை அண்ணையிட்டப் போன் பண்ணி, தொடை முழுசா வேணும் எண்டு சொன்னன். "ஓம் தம்பி, முழுத் தொடையையும் துண்டு போட்டு வைக்கிறன்" எண்டார். ரெண்டு தரம் விளங்கப்படுத்தினன், ரெண்டு தரமும் அதே பதில்.

நல்லூர் மாமி (திங்கள், இரவு 8:52)

போனில சொல்லிச் சரிவராது பிள்ளை. சனிக்கு முதல் நாள் விடிய அஞ்சரைக்கே கடை வாசலில நில்லும். அவர் கத்தியைத் தீட்ட முதல் தொடையைக் கையில வாங்கிப்போடும். குற்றிக்கு மேல வைச்சாரெண்டால் பிறகு அந்தக் கையை ஆராலும் நிப்பாட்டேலாது.